கனமான பைக்கில் வீலிங்: முதலில் பழக வேண்டியது வலது கால்

கேள்வி கேட்ட தம்பி கவாசகி இசட்900 வைத்திருக்கிறார். அதற்கு முன்பு கேடிஎம் டியூக் 200 ஓட்டியவர். அதில் முன் வீலை ஓரிரு அடி தூக்கிய பழக்கம் உண்டாம். இப்போது பெரிய வண்டியில் முறையாக, விழாமல் வீலிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்: இவ்வளவு கனமான வண்டியைத் தூக்க என்ன வழி, டிராக்‌ஷன் கண்ட்ரோலை (பின் வீல் வழுக்கினால் என்ஜின் சக்தியைத் தானாகக் குறைக்கும் அமைப்பு) அணைக்க வேண்டுமா, எங்கே போய்ப் பழகுவது.

தம்பி, தூக்குவதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது 948 சிசி, 125 குதிரைத்திறன் என்ஜின். முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தாராளமாகத் திருகினாலே முன் வீல் எழுந்துவிடும். கிளட்ச்சைத் தொடக்கூட வேண்டியதில்லை. எழுந்த வீலை, நீங்கள் நினைத்த நொடியில், நினைத்த வேகத்தில் இறக்குவதுதான் கஷ்டம். அது உங்கள் வலது பாதத்தில், பின் பிரேக் பெடலில் இருக்கிறது. அந்தக் கால் யோசிக்காமல் வேலை செய்யும் வரை இசட்900-இன் முன் வீல் ஒரு அடிக்கு மேல் எழக் கூடாது. நான் சொல்லப்போவதில் முக்கியமானது இதுதான்.

முதலில் எடை. "கனமான வண்டி, அதனால் தூக்குவது கஷ்டம்" என்று பலரும் நினைக்கிறார்கள். முன் வீல் எழுவதற்கு எவ்வளவு முடுக்கம் வேண்டும் என்பதில் எடைக்குப் பங்கே இல்லை. வண்டியும் நீங்களும் சேர்ந்த எடை மையம், பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இந்த இரண்டின் விகிதம்தான் கணக்கு. உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது இரண்டு வீல்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், ஏறக்குறைய 1450 மில்லிமீட்டர். ஆள் உட்கார்ந்ததும் எடை மையம் அதன் நடுப்பகுதியில், கிட்டத்தட்ட அந்தப் பாதி நீளத்துக்குச் சமமான உயரத்தில் வந்து நிற்கும். விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில். அதாவது புவியீர்ப்பு அளவுக்கு முடுக்கம் கிடைத்தால் முன் வீல் காற்றில். பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவாக எட்டும் முடுக்கம் அது. 150 குதிரைத்திறன் பைக்கும் 200 குதிரைத்திறன் பைக்கும் 100-ஐத் தொட ஏறக்குறைய ஒரே மூன்று நொடி எடுத்துக்கொள்வது இதனால்தான். அதற்கு மேல் சக்தி கொடுத்தால் வண்டி முன்னால் போகாமல் மேலே போகும்.

சுசுகி ஹயபுசாவையும் எடுத்துக்கொள்ளலாம். 1340 சிசி, 260 கிலோவுக்கு மேல் எடை. ஆனால் 1480 மில்லிமீட்டர் வீல்பேஸ், தாழ்ந்த எடை மையம். உங்கள் நேக்கட் வண்டி (முன்பக்கக் காற்றுத் தடுப்பு மூடி இல்லாதது) எழும் அளவுக்கு அது லேசில் எழாது. எழவில்லையே என்று ஆர்பிஎம்மை ஏற்றிக் கிளட்ச்சைப் படாரென்று விடுபவர்கள்தான் அதில் பின்பக்கமாகக் கவிழ்கிறார்கள். எழ மறுக்கிற வண்டி எழும்போது கோபத்தோடு எழும்.

அடுத்து வருவது ரொம்ப முக்கியம். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கவிழ்கிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தெரியாமல்தான் கவிழ்கிறார்கள். வீல் எழ எழ, அதை மேலே வைத்திருக்கத் தேவையான முடுக்கம் குறைந்துகொண்டே போகும். தரையைவிட்டுக் கிளப்ப ஒரு பங்கு தேவை என்றால், வண்டி 20 டிகிரி சாய்ந்ததும் அதில் பாதி போதும். 30 டிகிரியில் ஏறக்குறைய கால் பங்கு. 45 டிகிரிக்குப் பக்கத்தில், எடை மையம் பின் டயருக்கு நேர் மேலே வந்ததும், தேவை பூஜ்யம். இதைத்தான் பேலன்ஸ் பாயிண்ட் என்கிறோம். நீங்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரமே வந்துவிடும். மேலே இருப்பவனுக்கு 45 டிகிரி போலவே இருக்காது. செங்குத்தாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். வீலைக் கிளப்பத் திருகிய அதே ஆக்சிலேட்டரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் கூட்டவில்லை. ஆனால் தேவைக்கும் கொடுப்பதற்கும் உள்ள இடைவெளி நொடிக்கு நொடி பெருகுகிறது. வண்டி மேலும் மேலும் வேகமாகச் சுழல்கிறது. ஆகவே வீல் தரையைவிட்டதும் திருகுவதை நிறுத்த வேண்டும். அடுத்த கணம் குறைக்கத் தொடங்க வேண்டும். டியூக் 200-இல் இந்தத் தப்பு உங்களைத் தண்டித்திருக்காது. 25 குதிரைத்திறன்தான். வீல் கொஞ்சம் எழுந்ததும் என்ஜின் அதன் சுழற்சி எல்லையான லிமிட்டரில் முட்டி, மூச்சுத் திணறி, தானாகவே வண்டியைக் கீழே போட்டுவிடும். உங்களைக் காப்பாற்றியது உங்கள் கை என்று நினைத்திருப்பீர்கள். காப்பாற்றியது அதன் சக்திக் குறைவு. இசட்900 அப்படி விட்டுக்கொடுக்காது.

எடைக்கு எங்கே பங்கு இருக்கிறது என்றால் இங்கேதான். உள்ளங்கையில் நீளமான குச்சியை நிறுத்துவது எளிது, தீக்குச்சியை நிறுத்த முடியாது. நீளக் குச்சி மெதுவாகச் சாயும் என்பதால். கனமான வண்டியும் அப்படி மெதுவாகச் சுழலத் தொடங்கும். பேலன்ஸ் பாயிண்டில் சின்ன வண்டியைவிட நிதானமாக நிற்கும். தேர்ந்தவர்கள் பெரிய வண்டியை விரும்புவதற்கு இது ஒரு காரணம். ஆனால் சுழலத் தொடங்கிய கனத்தை நிறுத்தவும் அதே அளவு நேரம் ஆகும். கூடவே இன்னொன்று: ஆர்எக்ஸ் 100 நூறு கிலோச் சொச்சம். அதில் 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் மொத்த எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அவரே. முன்னால் சாய்ந்தால் வண்டி இறங்கும், பின்னால் சாய்ந்தால் எழும். அந்தக் காலத்து ஆர்எக்ஸ் பையன்கள் உடம்பை வைத்தே வித்தை காட்டியது இப்படித்தான். ஹயபுசாவில் அதே ஆள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். உங்கள் வண்டியில் கால் பங்கு. உடம்பைச் சாய்த்து எழும் வண்டியை இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை இங்கே கொண்டுவராதீர்கள்.

சக்திக்கும் வீலிங்குக்கும் சம்பந்தம் எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜப்பானில் யசுயுகி குடோ 1991 மே மாதம் ஒரே வீலில் 331 கிலோமீட்டர் ஓட்டினார். வண்டி ஹோண்டா டிஎல்எம்220ஆர், 216 சிசி டிரையல்ஸ் பைக் (பாறை, மரக்கட்டை போன்ற தடைகள் மேல் மெதுவாக ஏறி இறங்கும் போட்டிக்கானது). வேக சாதனை வேறு கதை. 1999-இல் பாட்ரிக் ஃபூர்ஸ்டன்ஹாஃப் ஹோண்டா பிளாக்பேர்டில் 307 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே வீலில் போனார். அது நடந்தது இங்கிலாந்தின் புரண்டிங்தார்ப்பில், பழைய விமானதளத்தின் நீண்ட ஓடுபாதையில், அதற்கென்றே தயார் செய்த வண்டியில். அந்த வேகத்தில் காற்றே முன்பக்கத்தைத் தூக்கும். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. குடோவிடமிருந்து நிறைய இருக்கிறது: சக்தியை அல்ல, கட்டுப்பாட்டை.

இனி பின் பிரேக். பின் பிரேக்கை மிதித்ததும் டயர் தரையில் பின்னோக்கி இழுக்கப்படும். மேலே இருக்கும் எடை முன்னோக்கிப் போகப் பார்க்கும். முன் வீல் இறங்கும். பேலன்ஸ் பாயிண்டைத் தாண்டிவிட்ட பிறகும் இது வேலை செய்யும். ஆக்சிலேட்டரை மூடினால் என்ஜின் பிரேக்கிங் (என்ஜினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிப்பது) கிடைக்கும்தான், ஆனால் கொஞ்சம் தாண்டிவிட்டால் அது போதாமல் போகலாம். கிளட்ச்சைப் பிடிப்பது அதைவிட மோசம். பயந்ததும் நிறையப் பேர் கிளட்ச்சை இறுக்கிப் பிடிக்கிறார்கள். பேலன்ஸ் பாயிண்டுக்கு முன்னால் என்றால் வீல் தொப்பென்று விழும்; தாண்டிய பிறகு என்றால் இருந்த கொஞ்சநஞ்ச என்ஜின் பிரேக்கிங்கையும் கைவிட்டதாகத்தான் அர்த்தம். அங்கே காப்பாற்றுவது பின் பிரேக் ஒன்றுதான்.

பழகுபவர்களைப் பார்க்கும்போது நான் முன் வீலைப் பார்ப்பதே இல்லை. அவர்களுடைய வலது பூட்ஸைத்தான் பார்ப்பேன். வண்டி கீழே இருக்கும்போது கட்டைவிரல் பெடல் மேல் அழகாக இருக்கும். முன் வீல் எழத் தொடங்கியதும் உடம்பு பின்னால் சரியும், முழங்கால் விரியும், குதிகால் ஃபுட்ரெஸ்டில் பின்னுக்கு நழுவும், பெடலுக்கும் பூட்ஸுக்கும் இடையே இரண்டு விரல்கடை இடைவெளி விழும். ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஆபத்தான கணத்தில் மிதிப்பார். பூட்ஸ் காற்றை மிதிக்கும். ஆகவே வண்டியை பேடாக் ஸ்டாண்டில் (பின் வீலைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட்) நிறுத்தி, வீல் எழும்போது இருப்பது போலப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, அந்த நிலையில் பாதம் எங்கே வருகிறதோ அதற்கேற்பப் பெடல் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பாதத்தின் வளைவு ஃபுட்ரெஸ்ட் மேல், விரல்பகுதி பெடல் மேல். வழக்கமாக ஓட்டும் நிலையைவிடக் கொஞ்சம் முன்னால் வைத்தது போல இருக்கும், பழகிவிடும். பூட்ஸ் அணிந்தே இதைச் செய்யுங்கள். செருப்பிலும் ஸ்போர்ட்ஸ் ஷூவிலும் சரிபார்த்தால் பூட்ஸில் மாறிவிடும்.

பிறகு பயிற்சி. முதல் நாள் வீலைத் தூக்கவே வேண்டாம். முதல் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்து வைத்தபடியே, பின் பிரேக்கைத் தட்டித் தட்டிப் பாருங்கள். வலது கை திறந்திருக்கும்போது வலது கால் மிதிப்பது மூளைக்குப் புதுசு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான வேலை. அது சகஜமான பிறகு வீலை ஒரு சாண் மட்டும் எழுப்புங்கள். தானாகவே இறங்கிவிடும் உயரம்தான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பிரேக்கால்தான் இறக்க வேண்டும். விதிவிலக்கே வேண்டாம். தேவையில்லாத உயரத்தில் செய்து செய்துதான் தேவைப்படும் உயரத்தில் கால் தானாக வரும். இதற்கு எத்தனை வாரம் ஆனாலும் ஆகட்டும். நான் பார்த்தவரை இந்தக் கட்டத்தைப் பொறுமையாகக் கடந்தவர்கள் பிறகு வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். தாண்டிக் குதித்தவர்கள் எப்போதோ ஒரு நாள் முதுகில் விழுகிறார்கள்.

உங்கள் பழைய டியூக் இன்னும் கையில் இருந்தால் இதையெல்லாம் அதில் செய்யுங்கள். விற்றுவிட்டீர்கள் என்றால் 150-200 சிசியில் பழைய வண்டி ஒன்றை வாங்குங்கள். விழுந்தால் நொறுங்குவது ஒரு ஹேண்டில்பாரும் கிளட்ச் லீவரும். இசட்900 ஒருமுறை புரண்டால் ஆகும் செலவில் அந்த வண்டியையே வாங்கலாம். உண்மையில் பெரிய வண்டியில் வீலிங் கற்றுக்கொள்ள மிகப் பாதுகாப்பான வழி, அதைச் சின்ன வண்டியில் முழுசாகக் கற்றுக்கொண்டு வருவது.

அடுத்த எதிரி உங்கள் வலது மணிக்கட்டு. வண்டி எழும்போது உடம்பு பின்னால் போகும். கைகள் நீட்டிக்கொண்டு ஹேண்டில்பாரில் தொங்கினால், போகும் உடம்பு மணிக்கட்டையும் கூடவே இழுக்கும், ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். இன்னும் எழும், இன்னும் தொங்குவீர்கள், இன்னும் திறக்கும். விழும் வீடியோக்களில் கடைசி நொடியில் என்ஜின் அலறுவது இதனால்தான். யாரும் வேண்டுமென்று திருகுவதில்லை. டேங்க்கை முழங்காலால் இறுகப் பிடியுங்கள், உடம்பின் எடையைத் தொடையில் வாங்குங்கள், முழங்கை மடங்கியே இருக்கட்டும். கிரிப்பைப் பிடிக்கும்போதே மணிக்கட்டு கொஞ்சம் தாழ்ந்து இருந்தால் திருகுவதற்கான இடம் குறைவு. டிரையல்ஸ் ஓட்டுபவர்கள் பயன்படுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு ஒன்று உண்டு: ஒரு முனை மணிக்கட்டில், மறுமுனை ஹேண்டில்பாரில். நீங்கள் வண்டியைவிட்டுப் பிரிந்ததும் என்ஜின் அணையும். பெரிய செலவில்லை. கட்டாயம் பொருத்துங்கள்.

சரி, இசட்900-இல் எழுப்பும் விதம். முதல் கியர், 30-35 கிலோமீட்டர் வேகம், நேரான பாதை. ஆக்சிலேட்டரை ஒரு மூச்சு நேரம் மூடுங்கள். முன் ஃபோர்க் (முன் வீலைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்) அமுங்கும். அது எழும் அதே கணத்தில் சீராக, வெடுக்கென்று இல்லாமல், திறங்கள். ஃபோர்க் நீள்வதும் என்ஜின் இழுப்பதும் சேர்ந்து வீலைக் கிளப்பும். ஹேண்டில்பாரைக் கையால் இழுக்க வேண்டாம்; இழுத்தால் வலுவான கைப் பக்கம் வண்டி சாயும். வீல் காற்றில் இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பி எந்தப் பயனும் இல்லை. திசையை முழங்காலாலும் ஃபுட்ரெஸ்ட் அழுத்தத்தாலும்தான் திருத்த முடியும். மீட்டருக்குப் பின்னால் சாலை மறைந்துவிடும், எனவே ஓரத்துக் கோட்டைப் பாருங்கள்.

கிளட்ச் அடித்துத் தூக்குவதை இந்த வண்டியில் கற்கத் தொடங்காதீர்கள். கிளட்ச் வீலிங்கில் என்ஜினின் சுழற்சியில் சேர்ந்த சக்தி மொத்தமும் ஒரே அடியாக வீலுக்கு வரும். எவ்வளவு வரும் என்பது இரண்டு விரல் எப்படி விடுகிறது என்பதைப் பொறுத்தது. முதல் கியரில் ஆக்சிலேட்டரே போதுமானதற்கு மேல் தரும் வண்டியில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். சின்ன வண்டியில் கிளட்ச்சை நன்றாகப் பழகி, அதற்குப் பிறகு, வீலிங் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது இதில் முயலலாம்.

இரண்டாம் கியரில் தூக்கினால் மென்மையாக எழும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். இரண்டாம் கியரில் உங்கள் வண்டி எழுவதும் எழாததும் விளிம்பில் நிற்கும். அசைவு மெதுவாக இருக்கும். ஆனால் அப்போது 60 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். 20 கிலோமீட்டரில் வண்டி கவிழப் பார்த்தால் பிடியை விட்டுவிட்டுப் பின்னால் கால் வைத்து ஓடி நிற்க வாய்ப்பு உண்டு. ஸ்டண்ட் ஓட்டுபவர்கள் அப்படி இறங்குவதைத் தனியாகவே பழகுகிறார்கள். 60-இல் யாரும் ஓட முடியாது. அதனால்தான் அவர்கள் பின்பக்க ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றுகிறார்கள். உங்கள் வண்டியில் கம்பெனி கொடுத்தது 44 பல். ஸ்டண்ட் வண்டிகளில் 60 பல் வரை போடுவார்கள். நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் மேல் போகும்போதே வீல் எழும். பின்னால் கவிழாமல் தடுக்கும் கம்பி, என்ஜினைச் சுற்றிக் கூண்டு, பின் பிரேக்குக்கு இடது கையில் இன்னொரு லீவர், இவையும் இருக்கும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் உங்கள் வண்டிக்கும் வீடியோவில் நீங்கள் பார்க்கும் வண்டிக்கும் இவ்வளவு வித்தியாசம்.

இறங்குவதில் இரண்டே விஷயம். வீல் தரையைத் தொடும்போது ஆக்சிலேட்டர் துளி திறந்தே இருக்க வேண்டும். முழுசாக மூடினால் மொத்த எடையும் ஃபோர்க்கில் இடியாக விழும். வீல் நேராக இருக்க வேண்டும், கைப்பிடி தளர்வாக இருக்க வேண்டும். கோணலாக இறங்கினால் ஹேண்டில் இடமும் வலமும் உதறும், அதை இறுக்கிப் பிடித்தால் உதறல் கூடும். முன் பிரேக் லீவரில் விரல் வைக்கவே வேண்டாம். சுழலாத வீலோடு தரையைத் தொட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் கேள்விக்கு வருகிறேன். சாதாரண டிராக்‌ஷன் கண்ட்ரோல் முன் வீலின் வேகத்தையும் பின் வீலின் வேகத்தையும் ஒப்பிடும். முன் வீல் காற்றில் வேகம் குறைந்ததும், பின் வீல் வழுக்குகிறது என்று அது நினைத்துச் சக்தியை வெட்டும். நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் முன்பக்கம் தொப்பென்று விழும். யமஹா 2015-இல் ஆர்1-இல் ஆறு அச்சு ஐஎம்யூ (வண்டியின் சாய்வையும் சுழற்சியையும் அளக்கும் சென்சார்) கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. வண்டி எவ்வளவு வேகத்தில் மேல்நோக்கிச் சுழல்கிறது என்பதையே அளந்து, வீல் எழுவதை மட்டுப்படுத்தும் அமைப்புகள் வந்தன. 2021 ஹயபுசாவிலும் பத்து நிலைகளில் அப்படி ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி என்றால் உயர்ந்த நிலையில் வைத்துத் தொடங்கி மெல்ல மெல்லக் குறைத்து வருவது நல்ல பயிற்சிதான். ஆனால் அவை வளைவிலிருந்து வெளியேறும்போதும் கிளம்பும்போதும் நேரத்தை மிச்சப்படுத்தச் செய்யப்பட்டவை. கிளட்ச்சைப் படாரென்று விட்டவனைத் தடுத்து நிறுத்தும் என்று எண்ணி நம்பக் கூடாது. உங்கள் வண்டியில் ஐஎம்யூ இல்லையென்றால், கால் பழகும் முதல் கட்டம் முழுக்க டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கட்டும். ஒரு சாண் உயரத்தில் அது வெட்டினாலும் நஷ்டமில்லை. அதற்கு மேல் போகும்போது அணையுங்கள், ஏனென்றால் பாதி உயரத்தில் அது வெட்டுவது உங்கள் கையின் பழக்கத்தையே கெடுக்கும். பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் விஷயத்தில் கவனம்: முன் வீல் நின்றுபோயிருக்கும்போது பின் பிரேக்கை அது எப்படி நடத்தும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒரு சாண் உயரப் பயிற்சியிலேயே இதைக் கவனித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மிதித்த பெடல் உதறிக்கொண்டு பிரேக் பிடிக்காமல் போவதாக ஒருமுறை தோன்றினாலும் அந்த வண்டியில் உயரம் ஏற்றாதீர்கள்.

பாதுகாப்பு உடை என்றதும் எல்லோரும் ஜாக்கெட்டையும் முழங்கால் பேடையும் நினைக்கிறார்கள். அவை வளைவில் சறுக்கி விழுபவனுக்கு. வீலிங்கில் விழுபவன் ஒரு ஆள் உயரத்திலிருந்து நேராக வால் எலும்பில் விழுகிறான். அடுத்து முதுகு, அடுத்து பின்மண்டை, ஊன்றப் போன மணிக்கட்டு. எனவே முழுமுக ஹெல்மெட், சிஇ என்ற ஐரோப்பியத் தரத்தில் இரண்டாம் நிலை முதுகுக் காப்பு, இடுப்புக்கும் வால் எலும்புக்கும் பேட் வைத்த அரைக்கால் சட்டை, உள்ளங்கையில் கெட்டித் தகடு உள்ள கையுறை. வால் எலும்புக் காப்பை யாரும் வாங்குவதில்லை. முதலில் வாங்க வேண்டியதே அதுதான்.

எங்கே பழகுவது? பொதுச் சாலையில் கூடாது. ஈசிஆரில் விடிகாலை காலியாக இருக்கிறதே என்பீர்கள். வீல் மேலே இருக்கும்போது உங்களால் முன்னால் பார்க்க முடியாது, திருப்ப முடியாது, முன் பிரேக்கும் கிடையாது. குறுக்கே வரும் நாய்க்கும், பால்காரருக்கும், திடீரென்று முளைக்கும் வேகத்தடைக்கும் உங்களிடம் பதில் இல்லை. நீங்கள் எடுக்கும் ஆபத்து உங்களோடது. அந்தப் பால்காரர் எதற்கும் சம்மதிக்கவில்லை. சட்டமும் கடுமை: மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவில் அபாயகரமாக ஓட்டியதற்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே பிரபல யூடியூபர் ஒருவர் ஹயபுசாவில் வீலிங் செய்யப்போய் விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கை முறிந்தது, ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார், ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுக்கு ரத்தானது.

ரேஸ் டிராக்குக்குப் போகலாமா என்றால், இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் நடக்கும் டிராக் டேக்களுக்குத் தாராளமாகப் போங்கள், ஆக்சிலேட்டரை அளந்து திறக்கும் கை அங்கே வரும். ஆனால் பின்னால் வேகமாக மற்றவர்கள் வரும் இடம் என்பதால் பொதுவாக டிராக் டேயில் வீலிங்குக்கு அனுமதி இல்லை. உங்களுக்கு வேண்டியது அனுமதி வாங்கிய தனியார் இடம்: மூடிய கேட், மணலும் ஜல்லியும் இல்லாத காய்ந்த கான்கிரீட் அல்லது தார், முந்நூறு மீட்டராவது நேர்நீளம், இருபுறமும் கம்பமோ சுவரோ இல்லாத வெற்றிடம். லேசான ஏற்றமாக இருந்தால் இன்னும் நல்லது. குறைந்த வேகத்திலேயே வீல் எழும். பக்கக்காற்று வீசும் நாளில் வேண்டாம். தனியாகப் போகாதீர்கள், காரோடு ஒருவர் கூட இருக்க வேண்டும், அந்த இடத்துக்கு 108 வர வழி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முன்கை இறுகத் தொடங்கியதும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இறுகிய கை ஆக்சிலேட்டரை அளக்காது.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கவனியுங்கள். வீலிங்கில் முதலில் அடிவாங்குவது ஃபோர்க் ஆயில் சீல். குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் கசிகிறது. செயின் தளர்ச்சியை ஒவ்வொரு முறையும் பாருங்கள், இழுபட்டுத் தளர்ந்திருக்கும். என்ஜின் ஆயில் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நீண்ட நேரம் வண்டி நிமிர்ந்தே இருந்தால் ஆயில் பின்னால் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, பேரிங்குகள் காயும். உங்கள் ஆரம்பக் கட்டத்துக்கு இந்தப் பயம் இல்லை, ஆனால் ஆயில் விளக்கு ஒரு கணம் எரிந்தாலும் அன்றைக்கு நிறுத்துங்கள். கடைசியாக கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங். முன் வீல் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் இடமிருந்து வலம் மெதுவாகத் தள்ளுங்கள். நேர் நடுவில் சின்னதாகச் சிக்கி நின்று பிறகு நகர்ந்தால், இறங்கிய அடிகளில் பேரிங் பாதையில் பள்ளம் விழுந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் வேகத்தில் ஹேண்டில் உதறும். மாற்றிவிட்டுத்தான் அடுத்த முறை கிளம்ப வேண்டும்.